இல்லாவிட்டால்தான் தெரியும்

மூன்று வருடங்களுக்கு முன் விஸ்காம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடந்தது இது. நல்ல பக்க வடிவமைப்பு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இருநூறு பக்க நாவலைப் படித்து முடித்த ஒருவரிடம், எழுத்து என்ன அளவில் இருந்தது, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருந்தது, ஓரம் எவ்வளவு விட்டிருந்தார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியக் கூடாது. தெரியவில்லையென்றால் நாம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று பொருள். வரி நெருக்கியடித்தால், ஓரம் தையலுக்குள் போய் மாட்டிக்கொண்டால், அப்போதுதான் வாசகருக்கு நம் நினைவு வரும். பல ஆண்டுகளாக இதை ஏறக்குறைய இதே சொற்களில் சொல்லிவருகிறேன். அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

“அப்போ நல்ல டிசைன்னா எங்கம்மா மாதிரியா மேம்? இருந்தா தெரியாது. ரெண்டு நாள் ஊருக்குப் போனாத்தான் எல்லாருக்கும் தெரியும்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில், மேடையில், எழுத்தில், பெண்ணின் உழைப்பு கண்ணில் படாமல் போவதைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள் நான். அதே நான், இன்னொரு வகுப்பறைக்குள் போய், கண்ணில் படாமல் இருப்பதுதான் உயர்ந்த தொழில் ஒழுக்கம் என்று இருபது வயதுப் பெண்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது பொய்?

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தமிழில் முனைவர் பட்டம். குறுந்தொகைப் பதிப்புகள் பற்றிய ஆய்வு. தமிழ்த்துறை மாணவிகள் என்னை ‘அம்மா’ என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் விஸ்காம் துறைக்கு எழுத்துருவும் பக்க வடிவமைப்பும் நடத்தப் போகும்போது ‘மேம்’ ஆகிவிடுவேன். முதல் துறையில் என்னிடம் பட்டம் இருக்கிறது. இரண்டாவதில் காட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை, செய்த வேலைதான்: அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள், பாதிக்குமேல் கவிதைத் தொகுப்புகள், அவற்றில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை.

இரண்டும் எப்படி ஒட்டும் என்று நேர்முகத் தேர்வுகளில் கேட்டிருக்கிறார்கள். ஒட்டாத இடத்தைத் தேடிப் பார்த்தால்தான் கஷ்டம். போட்டோஷாப்பை அது வந்தபடியே திறந்து ‘கொ’ என்று அடித்தால் சில பதிப்புகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் தடுமாறும். கால் தனியே நிற்கும். தமிழுக்கேற்ற அமைப்பைத் தேடி மாற்ற வேண்டும். மாற்றத் தெரியாமல் அடித்த பேனர்களை நம் ஊரில் எல்லாத் தெருமுனையிலும் பார்க்கலாம். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்பு ‘லை’யும் ‘ணை’யும் துதிக்கை தூக்கிக்கொண்டு நின்றன என்பதை அறியாத பெண், பழைய நூல் ஒன்றின் தலைப்பை அட்டைக்கு வரையும்போது அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறாள். தமிழ் வகுப்பில் எழுத்திலக்கணத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்கிற பெண்ணுக்கு, ஓர் எழுத்தைப் பென்சிலால் ஆறங்குல உயரத்துக்கு வரையச் சொன்னால் அந்த எழுத்தின் மேல் ஆசை வருகிறது. இந்த இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவே நான் நடக்கிற தூரம் நூறு மீட்டர்கூட இருக்காது.

ஆனால் நிறுவனங்களுக்கு இது படிப்பாகவோ தொழிலாகவோ தெரிவதில்லை. கைவந்த பழக்கமாகத் தெரிகிறது, கோலம் போடத் தெரிவதைப்போல. ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் எல்லாக் கருத்தரங்குக்கும் அழைப்பிதழ் என் தலையில்தான் விழும். “மேடம், நீங்க அஞ்சு நிமிஷத்துல போட்ருவீங்க.” நாக் குழு வருவதற்கு முந்தைய மாதம் முந்நூறு பக்க அறிக்கையை இரவெல்லாம் உட்கார்ந்து சீர்செய்தேன். குழு வந்த அன்று காலை, குத்துவிளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண் ஆசிரியர்களின் வரிசையிலும் நான் இருந்தேன். அறிக்கை தயாரித்தோர் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். பதிப்புலகமும் பெரிய வித்தியாசமில்லை. முற்போக்கான பதிப்பாளர் ஒருவர், “தோழர், உங்களுக்குக் காசு கொடுத்து உங்களைச் சின்னவங்களாக்க விரும்பலை” என்றார். நன்றியுரையில் ‘இந்நூல் அழகுற வெளிவர உதவிய தோழி’ என்று வரும். ‘உதவிய’ என்ற அந்த ஒரு சொல்லில் ஆறு வாரம் அடங்கிவிடும்.

என்றாலும் நான் வகுப்பில் சொன்ன கொள்கை ஆண்கள் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிட முடியவில்லை. அதை மிக அழகாகச் சொன்னவர் ஒரு பெண். பியாட்ரிஸ் வார்ட், அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்தவர், 1930இல் லண்டனில் அச்சுத்துறையினர்முன் ஓர் உரை நிகழ்த்தினார். அச்சு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நல்ல மதுவை அறிந்தவர், வேலைப்பாடு செய்த பொற்கிண்ணத்தைவிட்டு மெல்லிய பளிங்குக் கிண்ணத்தைத்தான் எடுப்பார், ஏனென்றால் அது உள்ளே இருப்பதை மறைக்காது என்ற உவமை அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. இதை மாணவிகளுக்குச் சொல்லிவந்த நான், அதே பெண்ணின் இன்னொரு கதையைச் சொன்னதே இல்லை. 1926இல், கரமோன் என்பவருடையவை என்று எல்லோரும் நம்பிவந்த பழைய எழுத்துவார்ப்புகள் உண்மையில் ஜீன் ஜானோன் என்ற பிற்காலத்தவர் செய்தவை என்று நிறுவிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. கட்டுரையாசிரியரின் பெயர் பால் பூஜோன். மோனோடைப் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டுத் தன் இதழுக்கு ஆசிரியராக வரும்படி அந்த மனிதரை அழைத்தது. வந்து நின்றது பியாட்ரிஸ் வார்ட். ஒரு வேலை யாருடையது என்பதைத் துருவிக் கண்டுபிடித்து உரியவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தவர், அதைச் செய்யும்போது தன் பெயரை மறைத்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, கிண்ணம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே சிறப்பு என்றார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் சொன்னது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பெண் கவிஞர்களின் நூல் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். முகமில்லாத முதுகு, விரித்த கூந்தல், பாதி உதடு, தண்ணீரில் மிதக்கும் புடவை. என் தோழி ஒருத்தியின் தொகுப்பில் அறுபது கவிதைகள். நில உரிமையும் அப்பாவின் கடனும் ரேஷன் கடை வரிசையும் பற்றியவை. அட்டையில் ஒரு நிர்வாண முதுகு வந்தது. அவள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வடிவமைப்பாளர் கொஞ்சம் தன்னை அடக்கிக்கொண்டிருந்தால் நூல் பிழைத்திருக்கும். எழுத்துக்குமுன் கை அடங்கியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படிக்கிற நேரத்தில் கண்ணை உறுத்தாமல் இருப்பது ஒரு குணம். அந்தக் குணத்தைக் காட்டியே, கணக்கிலும் பெயர்ப் பக்கத்திலும் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் போவதை நியாயமாக்கிவிடுகிறார்கள். ‘கண்ணில் படாமல் செய்தீர்கள், அதுதான் அழகு’ என்று பாராட்டிக்கொண்டே ஆளையே அழித்துவிடலாம். என் மாணவி தன் அம்மாவைப் பற்றிச் சொன்னது அதைத்தான். சமையல் கண்ணில் படாமல் இருப்பதில்லை. அது தட்டில் இருக்கிறது. கண்ணில் படாமல் போவது சமைத்த நேரம்.

இதில் பழைய தொகுப்பாசிரியர்கள் நம்மைவிட மேல் என்று சில சமயம் நினைப்பேன். சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சிலருடைய பெயர் தெரியவில்லை. அப்போது பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். நச்செள்ளையாரின் பெயர் தெரிந்திருந்தும், காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்று அவர் பாட்டையும் பெயரோடு சேர்த்தே வைத்தார்கள். ஏடு படியெடுத்தவர்களும் பலர் கடைசியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழிக்குக்கூட எழுதினவன் ஒருவன் இருந்தான் என்ற நினைப்பாவது இருக்கிறது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் நான் நியாயத்தின் பக்கம் நிற்பதாக ஆகிவிடும். என் ஆய்வேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது 2006. திருவல்லிக்கேணியில் ஆய்வேடு தட்டச்சு செய்து, பிரதியெடுத்து, பைண்டிங் போட்டுத் தரும் கடைகள் வரிசையாக இருந்த காலம். யூனிகோடு இன்னும் கடைக்குள் வரவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வோர் எழுத்துரு. இங்கே அடித்ததை அங்கே திறந்தால் கட்டம் கட்டமாக வரும். நான் போன கடையில் தட்டச்சு செய்தது ஓர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரர் வாங்குவார். அக்காவுக்கு மாதச் சம்பளம். நாலு மாதம் தினமும் சாயங்காலம் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பேஜ்மேக்கரை முதலில் நான் பார்த்தது அங்கேதான். பத்தியை இழுப்பது, வரியை நெருக்குவது, கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என் இரண்டாவது தொழில் அந்த ஸ்டூலில்தான் தொடங்கியது.

ஏட்டில் அடி பிரித்து எழுதும் வழக்கமில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பாட்டு ஓலையின் அகலத்துக்கு ஓடும். அடி பிரித்ததும், பிறகு சந்தி பிரித்ததும் அச்சுக்காரர்களும் பதிப்பாசிரியர்களும் செய்தவை. குறுந்தொகைக்கு 1915இல் வந்த சௌரிப்பெருமாள் அரங்கனின் முதல் பதிப்பும், 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பும், 50களில் சந்தி பிரித்துச் சங்க நூல்களை மலிவு விலையில் கொடுத்த மர்ரே எஸ். ராஜத்தின் பதிப்புகளும் ஒரே பாட்டை ஒரேபோல் படிக்கவிடுவதில்லை. என் ஆய்வு இதைப் பற்றியதுதான். ஆனால் மூன்று அதிகாரம் எழுதியும் அது பட்டியலாகவே இருந்தது. ஒருநாள் வெள்ளிவீதியார் பாட்டொன்றைச் சந்தி பிரித்து அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் அகலம் போதாமல் அடியின் கடைசிச் சொல் மட்டும் கீழே தனியாக விழுந்தது. எழுத்தைச் சிறிதாக்கி மேலே ஏற்றச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இருக்கட்டுமேம்மா. அவ தனியாத்தானே இருக்கா. சொல்லும் தனியா இருந்தா என்ன? மேல ஏத்திட்டா மூச்சு விடாம பேசுற மாதிரி இருக்கு.”

என் நான்காம் அதிகாரம் அந்த வாக்கியம்தான். அச்சில் அடி உடையும் இடம் எப்படிப் பெண்குரலின் மூச்சு விடும் இடமாக வாசிக்கப்படுகிறது என்று நாற்பது பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தனியாகப் பாராட்டியதும் அந்த அதிகாரத்தைத்தான். நன்றியுரை இரண்டரைப் பக்கம்: நெறியாளர், துறைத்தலைவர், மூன்று நூலகங்கள், பெற்றோர், கணவர், ‘அழகுறத் தட்டச்சு செய்து தந்த’ என்று கடையின் பெயர். கடையின் பெயர் முதலாளியுடைய மகனின் பெயர். நன்றியுரையையும் அக்காதான் அடித்தார். அடித்து முடித்துவிட்டு, ஒற்று விடுபட்ட ஓரிடத்தைக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று எனக்கு அது உறுத்தக்கூட இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அவர் சொன்னதை நான் கருத்து என்று எண்ணவில்லை. அடிக்கும்போது பேச்சுவாக்கில் வந்தது என்று எண்ணினேன். கருத்து நான் எழுதியபோது உண்டானது. என்னுடைய ஆறு வாரத்தை ‘உதவிய’ என்ற சொல்லுக்குள் போட்ட பதிப்பாளர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். வை.மு. கோதைநாயகி தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’வைச் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் அவருடைய தோழி பட்டம்மாள். கோதைநாயகிக்கு அப்போது எழுதப் பழக்கமில்லை. அந்தக் கதையை வகுப்பில் நான் எப்போதும் கோதைநாயகியின் வெற்றியாகச் சொல்லிவந்தேன். பட்டம்மாள் வெறும் கையாக மட்டும் இருந்திருப்பாரா, ஓரிடத்திலாவது ‘இங்கே இப்படி இருக்கட்டுமே’ என்று சொல்லியிருக்க மாட்டாரா என்று இப்போது கேட்கிறேன். கடை இருந்த இடத்தில் இன்று ஜூஸ் விற்கிறார்கள். அக்காவை இரண்டு முறை தேடிப் போனேன். பேரோடு ஊரைத் தெரிந்துவைத்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். ஊரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சரி, இனி எல்லோர் பெயரையும் போட்டுவிடுவோம் என்று முடிவெடுப்பது சுலபம். சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நான் செய்யும் நூல்களில் தட்டச்சு, மெய்ப்பு, பக்க அமைப்பு, அட்டை எழுத்து, பாரம் மடித்த பெண்கள் வரை பெயர் கேட்டுப் போட்டேன். அதில்தான் அடுத்த அடி விழுந்தது. என்னுடைய மூன்றாம் கவிதைத் தொகுப்பின் தலைப்பெழுத்தை ஒரு மாணவி வரைந்து தந்தாள். உடலைப் பற்றிய கவிதைகள். அவசரத்தில் முதற்பதிப்பில் ‘அட்டை வடிவமைப்பு’ என்று என் பெயர் மட்டும் போய்விட்டது. அவசரம் என்கிறேன், இந்தக் கட்டுரையை இதுவரை படித்தவர்கள் அதை நம்ப வேண்டியதில்லை. சென்ற ஆண்டு இரண்டாம் பதிப்பு பேச்சு வந்ததும் அவளுக்குப் போன் செய்து, இந்த முறை உன் பெயர் வரும் என்றேன். பெரிய மனதோடு சொன்னதாக நினைப்பு வேறு. அந்தப் பக்கம் மௌனம்.

“வேணாம் மேம். இப்ப கல்யாணம் ஆயிடுச்சு. இந்தப் புக்ல என் பேரு இருக்கறத அவங்க வீட்ல பாத்தா, தேவையில்லாத பேச்சு.”

பெயரை வெளிச்சத்தில் வைப்பதற்கு எல்லாப் பெண்களும் ஒரே விலை கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததா? கணவர் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயரில் முதல் தொகுப்பைக் கொண்டுவந்த சல்மாவை வகுப்பில் நடத்துகிறவள்தானே. அந்தப் பெயர் அவரை மறைக்கவில்லை, எழுத வைத்தது. மறைவது வேறு, மறைக்கப்படுவது வேறு என்று பாடமாகச் சொல்ல எனக்குத் தெரியும். பெயர் போடும் அதிகாரம் கையில் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. முதலில் கேட்காமல் எடுத்தேன். பிறகு கேட்காமல் கொடுக்கப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நூல் நினைவுக்கு வரும். ராஜஸ்தானில் கிராமப் பெண்கள் 75 பேர் சேர்ந்து உடலைப் பற்றி உருவாக்கிய ‘ஷரீர் கீ ஜான்காரி’. 1989இல் காளி ஃபார் விமன் வெளியிட்டது. ஆசிரியர்கள் அந்த 75 பெண்களும்தான். ஊர்வசி புட்டாலியா இதன் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். முதலில் உடலை ஆடையில்லாமல் வரைந்து கிராமத்தில் காட்டியபோது, யாரும் இப்படி நிற்பதை நாங்கள் பார்த்ததே இல்லையே, இது பொய் என்று எதிர்ப்பு வந்தது. பெண்களே ஒரு வழி கண்டார்கள். பக்கத்தில் முழு ஆடையோடு ஒரு பெண் நிற்பாள். ஒட்டியிருக்கும் சிறு தாள்மடிப்பைத் தூக்கினால் உள்ளே உடலும் உறுப்புகளும் தெரியும். விட்டால் மூடிக்கொள்ளும். வடிவமைப்புப் பாடத்தில் நான் காட்டுகிற உதாரணங்களில் இதற்கு நிகராக வேறில்லை. மறைக்கவா காட்டவா என்று நகரத்தில் நாம் விவாதித்துக்கொண்டிருக்க, தூக்குகிற விரலை அவர்கள் படிக்கிற பெண்ணிடமே கொடுத்துவிட்டார்கள். பெயர்ப் பக்கத்துக்கு அப்படியொரு மடிப்பை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவேயில்லை. அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். இப்போது அந்தப் பாடத்தை வேறுவிதமாகத் தொடங்குகிறேன். ஒரு நூலின் பெயர்ப் பக்கத்தைக் கொடுத்து, இந்த நூல் உருவாக வேறு யார் யார் வேலை செய்திருக்க வேண்டும் என்று எழுதச் சொல்வேன். பதினைந்து பேர்வரை எழுதுவார்கள். பைண்டிங்கில் பாரம் மடிக்கிறவரை ஒருத்தியாவது எழுதிவிடுகிறாள். அவளுடைய அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ அந்த வேலைக்குப் போகிறவராக இருப்பார். அதற்குப் பிறகுதான் பளிங்குக் கிண்ணத்துக்கு வருகிறோம், பால் பூஜோனையும் சேர்த்து.

தலைப்பெழுத்து வரைந்த மாணவி போனை வைக்கும் முன் ஒன்று கேட்டாள். “பேரு வேணாம் மேம். ஆனா அந்த ‘ழ’வ மட்டும் திருத்திக்கவா? அப்பவே எனக்குப் பிடிக்கல. நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க, அதான் விட்டுட்டேன்.” குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரண்டு இரவில் வரைந்து அனுப்பினாள். பழையதைவிட வால் நீளம். அடியில் சற்றே கனம். இதை வைத்துப் பார்த்தால் பழையது கைநடுங்கி வரைந்ததுபோல் இருக்கிறது. அவள் கணக்குக்குப் பணம் அனுப்பினேன், வாங்கிக்கொண்டாள். அட்டை வடிவமைப்பு என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். போன வாரம் பதிப்பகத்திலிருந்து, அந்த இடத்தில் என்ன போடுவது, வரியையே தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள். செம்புலப்பெயல்நீராரை மனதில் வைத்துக்கொண்டு ‘அட்டை எழுத்து: நெடுவால் ழகரம் எழுதியவர்’ என்று போடட்டுமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது; கொஞ்சம் கழித்து, ‘யோசிச்சு சொல்றேன் மேம்’ என்று வந்தது. அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த வரியை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று பதிப்பகத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.